அசைவுக்கு முந்தைய கணங்களை அளக்க எந்தத் தூண்டல்? எதிர்வினை நேர ஆய்வுக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

விளக்கு எரிந்ததும் விசையை அழுத்த வேண்டும் என்ற மிக எளிய பணியிலும், விளக்கு எரிவதற்கும் விரல் அசைவதற்கும் இடையே ஏறத்தாழ 200 மில்லிவினாடி கழிகிறது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதை நெதர்லாந்தின் உடலியலாளர் டோண்டர்ஸ் 1868-இல் வெறும் கழித்தல் கணக்கால் ஊகிக்க முயன்றார்: தேர்வுள்ள பணிக்கு ஆகும் நேரத்திலிருந்து தேர்வற்ற பணிக்கு ஆகும் நேரத்தைக் கழித்தால், மிஞ்சுவது தேர்வுக்கான நேரம். 1985-இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் மண்டையோட்டைத் திறக்காமல், பெரிய வலியும் இல்லாமல், காந்தத் துடிப்பால் இயக்கப் புறணியை, அதாவது அசைவுகளை ஏவும் மூளைப் பரப்பை, தூண்டிக் காட்டிய பிறகு, அந்த இடைவெளிக்குள்ளேயே கைவைத்துப் பார்க்க முடிந்தது.

இன்று முறைகள் பெருகிவிட்டன. எதிர்வினை நேரப் பணியைக் கொண்டு அசைவுக்கான ஆயத்தத்தை ஆராயப் புகும் மாணவர்கள் எந்தத் தூண்டலைத் தேர்வது என்று தயங்கி நிற்கிறார்கள். பலர் ஆய்வகத்தில் எந்தக் கருவி இருக்கிறதோ அதற்குத் தகக் கேள்வியைக் குறுக்கிக்கொள்கிறார்கள். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கும் இந்த வேலையைத் தவிர்க்க, முதலில் அளவுகோல்களை வைத்துக்கொண்டு பிறகு முறைகளைப் பார்ப்பது நல்லது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், நீங்கள் ஆழம் பார்க்கப் போகிறீர்களா, குறுக்கே நிற்கப் போகிறீர்களா என்பது. இயக்கப் புறணி இந்தக் கணத்தில் எவ்வளவு கிளர்ச்சியுடன் இருக்கிறது என்று அறிவது ஒரு வேலை. அந்தப் பகுதியைக் குலைத்தால் எதிர்வினை தாமதமாகிறதா என்று சோதிப்பது வேறு வேலை. முன்னது தொடர்பைக் காட்டும், பின்னது தேவையைக் காட்டும். ஒரே துடிப்பைக் கொண்டு இரண்டையும் ஒருசேரச் செய்ய நினைப்பதுதான் இத்துறையில் நான் மிகுதியாகக் காணும் பிழை.

இரண்டாவது, நேர நுணுக்கம். ஆயத்தத்தின் கட்டங்கள் பத்து, இருபது மில்லிவினாடிகளில் மாறுகின்றன. நிமிடக் கணக்கில் நீடிக்கும் தூண்டலால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. மூன்றாவது, விளைவு எந்த மட்டத்தில் நிகழ்கிறது என்று சொல்ல இயலுமா என்பது: இயக்கப் புறணியிலா, அதற்கு உள்ளீடு தரும் முன்இயக்கப் புறணியிலா, மூளைத்தண்டிலா, தண்டுவடத்திலா? நான்காவது, தூண்டலின் பக்கவிளைவுகள். ஒலி, தோலில் படும் அதிர்ச்சி, முகத்தசையின் துள்ளல் ஆகிய ஒவ்வொன்றும் எதிர்வினை நேரத்தைத் தாமாகவே மாற்றவல்லவை. ஐந்தாவது, நம்பத்தக்க போலித் தூண்டல், அதாவது மூளையைத் தூண்டாமலே தூண்டியதுபோல் உணரவைப்பது, சாத்தியமா என்பது. கடைசியாகச் செலவு, கருவியின் விலையைவிட, பங்கேற்பாளர் நாற்காலியில் அமர்ந்திருக்க வேண்டிய நேரமும் குப்பையில் போகும் முயற்சிகளின் எண்ணிக்கையும் இங்கே பெரிய செலவுகள்.

| வழி | எதற்கு | நேர நுணுக்கம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| ஒற்றைக் காந்தத் துடிப்பு, அளவியாக | கிளர்ச்சி நிலையை அளக்க | மில்லிவினாடி | ஏராளமான முயற்சிகள், அடிநிலைச் சிக்கல் |
| ஒற்றைக் காந்தத் துடிப்பு, குறுக்கீடாக | ஒரு பகுதி எப்போது தேவை என்று அறிய | பத்துகளில் மில்லிவினாடி | ஒலியும் தோலுணர்வும் எதிர்வினையை மாற்றுவது |
| இரட்டைத் துடிப்பு | சுற்றுகளையும் இணைப்புகளையும் அறிய | மில்லிவினாடி | முயற்சிகள் இரட்டிப்பாவது, விளக்கத்தில் குழப்பம் |
| தொடர் துடிப்பு, நேர்மின்னோட்டம் | பகுதியின் பங்கைப் பொதுவாகச் சோதிக்க | இல்லை | ஆளுக்கு ஆள் மாறும் விளைவு |
| திடுக்கிடச் செய்யும் ஒலி | ஆயத்தம் முடிந்துவிட்டதா என்று அறிய | நல்லது | செவிப் பாதுகாப்பு, தூண்டப்படும் இடம் தெளிவின்மை |

## ஒற்றைத் துடிப்பை அளவியாகப் பயன்படுத்துவது

காந்தத் துடிப்பைத் தரும் எட்டு வடிவச் சுருளை இயக்கப் புறணியின் கைப்பகுதி மீது வைத்து ஒரு துடிப்பைக் கொடுத்தால், ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிவினாடிக்குப் பிறகு எதிர்ப்பக்கக் கைத்தசையில் ஒரு மின்னெழுச்சி பதிவாகிறது. ஆய்வகப் பேச்சில் எம்.இ.பி. எனப்படும் இந்த எழுச்சியின் உயரம், அந்தக் கணத்தில் புறணியிலிருந்து தசை வரையுள்ள பாதை எவ்வளவு எளிதில் கிளரக்கூடியதாக இருக்கிறது என்பதன் அளவு. துடிப்பின் வலிமையை ஓய்வுநிலை வாயிலைக் கொண்டு தீர்மானிப்பது வழக்கம். பத்துத் துடிப்புகளில் குறைந்தது ஐந்துக்கு 50 மைக்ரோவோல்ட்டாவது எழுச்சி தரும் மிகக் குறைந்த வலிமையே வாயில். பணியின்போது அதைவிட 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாக வைப்பார்கள்.

அசைவு ஆயத்தம் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இந்த முறையிலிருந்தே வந்தது. எளிய எதிர்வினைப் பணியில், தசைச் செயல்பாடு தொடங்குவதற்கு 80 முதல் 100 மில்லிவினாடிக்கு முன்னரே அசையப்போகும் தசையின் எழுச்சி பெருகத் தொடங்குகிறது. இது எதிர்பார்க்கத்தக்கதே. எதிர்பாராதது மற்றொன்று. முன்னறிவிப்பு தந்து, ஒரு வினாடிபோலக் காக்கவைத்து, பிறகு தொடக்கக் குறியைக் காட்டும் பணிகளில், காத்திருக்கும் காலத்தின் முடிவில் எழுச்சி பெருகாமல் சுருங்குகிறது. அதுவும் அசையப்போகும் கையிலேயே சுருங்குகிறது. ஜூலி டூக், ரிச்சர்ட் ஐவ்ரி ஆகியோர் இதற்கு இரண்டு காரணங்களை முன்வைத்தனர்: தேர்ந்தெடுத்த அசைவு அவசரப்பட்டு வெளிப்படாமல் காப்பது ஒன்று, தேர்ந்தெடுக்காத அசைவை விலக்குவது மற்றொன்று. ஆனால் பணிக்குத் தொடர்பே இல்லாத தசைகளிலும் இச்சுருக்கம் உண்டு என்று 2015-இல் ஐவ்ரியின் ஆய்வுக்குழுவே காட்டியது; ஆகவே அந்த விளக்கம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. தசை அசையாமல் கிடக்கும்போதே உள்ளே நடப்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் வேறு எளிய முறை கிடையாது என்பது என் மதிப்பீடு.

இனி மறைந்திருக்கும் செலவுகள். எழுச்சியின் உயரம் துடிப்புக்குத் துடிப்பு பலமடங்கு மாறக்கூடியது. ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் இருபதுக்கும் மேற்பட்ட துடிப்புகளின் சராசரி வேண்டும். ஐந்து நேரப்புள்ளிகள், இரண்டு நிலைகள், ஒவ்வொன்றிலும் 25 துடிப்புகள் என்று வைத்தால் 250 துடிப்பு முயற்சிகள் ஆகின்றன. துடிப்பே இல்லாத முயற்சிகளை மூன்றில் ஒரு பங்காகக் கலந்தால் மொத்தம் 375. ஒரு முயற்சிக்கு 8 வினாடி என்றால் 50 நிமிடம். வாயிலைக் கண்டறிவதும், மின்முனைகளை ஒட்டுவதும், ஓய்வும் இதில் அடங்கவில்லை. காகிதத்தில் எட்டு நேரப்புள்ளிகளைக் குறித்துவிட்டு, பாதியில் பங்கேற்பாளர் தூங்கி விழுவதைக் காண்பதைவிட மூன்று புள்ளிகளை நன்றாக அளப்பது மேல். இரு கைகளையும் அளக்க வேண்டியிருந்தால், இரண்டு சுருள்களைக் கொண்டு ஒரு மில்லிவினாடி இடைவெளியில் இரு பக்கமும் துடிப்பு தரும் உத்தி உண்டு. முயற்சிகள் பாதியாகும், இரண்டாவது கருவியும் தலையில் இடமும் தேவைப்படும்.

அடுத்தது அடிநிலை. எழுச்சி சுருங்கியது என்றால் எதைவிடச் சுருங்கியது? பணி தொடங்குமுன் சும்மா அமர்ந்திருக்கும்போது எடுத்த அளவோடு ஒப்பிடுவதா, பணியின் நடுவே முயற்சிகளுக்கு இடைப்பட்ட ஓய்வில் எடுத்த அளவோடு ஒப்பிடுவதா? பணியில் ஈடுபட்டிருப்பதே கிளர்ச்சியைப் பொதுவாக மாற்றக்கூடியது என்பதால், இரண்டு அடிநிலைகளும் ஒரே தரவுக்கு வெவ்வேறு முடிவுகளைத் தரலாம். இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்வதற்குச் சில நிமிடங்களே ஆகும். எடுக்காமல் விட்டால் பின்னர் ஈடுசெய்ய வழியில்லை.

மூன்றாவது சிக்கல் நயமானது, அதனாலேயே பலரும் கவனிக்காமல் விடுவது. தொடக்கக் குறிக்கு 150 மில்லிவினாடி கழித்துத் துடிப்பு தந்தால், விரைவான முயற்சிகளில் தசை அதற்குள் செயல்படத் தொடங்கியிருக்கும். செயல்படும் தசையில் எழுச்சி இயல்பாகவே பெரிதாகும். ஆகவே அவற்றை நீக்கியாக வேண்டும். நீக்கினால் மெதுவான முயற்சிகள் மட்டுமே மிஞ்சும். முன்கூட்டிய நேரப்புள்ளியில் எல்லா முயற்சிகளும், பிந்திய நேரப்புள்ளியில் மந்தமான முயற்சிகளும் என ஒப்பீடே சாய்ந்துவிடும். அசைவின் தொடக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணி முயற்சிகளை அடுக்கலாம் என்றால், துடிப்பே அந்தத் தொடக்கத்தை இடம்பெயர்த்திருக்கிறது. துடிப்பில்லாத முயற்சிகளின் நேரப் பரவலை ஒவ்வொருவருக்கும் தனியே எடுத்து, இரண்டு அடுக்குமுறைகளிலும் முடிவைக் காட்டுவதுதான் நேர்மையான வழி.

எழுச்சி புறணியை மட்டும் பற்றிப் பேசுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அது தண்டுவடத்தின் வழியாகவே தசைக்கு வருகிறது. காத்திருப்புக் காலத்தில் தண்டுவட அனிச்சையும் அடங்குவதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. "புறணியில் தடுப்பு" என்று எழுத வேண்டுமானால், அதே பணியில் எச்-அனிச்சையையும் (நரம்பை மின்னால் தூண்டி, தண்டுவடம் வழியே தசையில் எழுப்பும் அனிச்சை) அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லையென்றால் "புறணி-தண்டுவடப் பாதையின் கிளர்ச்சி" என்ற அடக்கமான சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

## அதே துடிப்பைக் குறுக்கீடாகப் பயன்படுத்துவது

1989-இல் பிரையன் டேயும் ஜான் ராத்வெல்லும் உள்ளிட்ட லண்டன் குழுவினர், அசைவு தொடங்க இருக்கும் தறுவாயில் இயக்கப் புறணிக்கு வலுவான துடிப்பைக் கொடுத்தபோது, அசைவு 150 மில்லிவினாடி வரை தள்ளிப்போவதைக் கண்டனர். தள்ளிப்போன பிறகு வந்த அசைவில் தசைகளின் செயல்முறை வடிவம் கெடவில்லை. திட்டம் அழியாமல் வெளியீடு மட்டும் தாமதித்தது என்பதே இதன் பொருள். ஆயத்தமும் தொடக்கமும் தனித்தனிச் செயல்கள் என்ற கருத்துக்கு இது பழைய, இன்றும் அசையாத சான்று. துடிப்பை முன்இயக்கப் புறணிக்கு நகர்த்தி நேரத்தையும் முன்தள்ளினால், தேர்வுள்ள பணிகளில் எதிர்வினை தாமதிக்கும். இயக்கப் புறணியில் அதே விளைவைப் பெற மேலும் பிந்திய துடிப்பு வேண்டும். எந்தப் பகுதி எந்தக் கட்டத்தில் தேவைப்படுகிறது என்ற வரிசையை இவ்வாறு பெறலாம். அளவிமுறையால் இதைச் சொல்லவே முடியாது.

இங்கே பெரிய மறைசெலவு ஒலி. சுருள் ஒவ்வொரு முறையும் "டக்" என்று வெடிக்கிறது. உச்சந்தலையைத் தட்டவும் செய்கிறது. காட்சிக் குறியோடு ஒட்டி வரும் எந்த ஒலியும் எதிர்வினையை விரைவுபடுத்தும் என்பது காந்தத் தூண்டலுக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த செய்தி. தொடக்கக் குறியை ஒட்டி வாயிலுக்குக் கீழான துடிப்பு தந்தால் எதிர்வினை நேரம் குறையும் என்று 1992-இல் ஆல்வரோ பாஸ்குவல்-லியோனும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். இத்தகைய விளைவில் மூளைத் தூண்டலுக்கு எவ்வளவு பங்கு, ஒலிக்கும் தட்டுதலுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரிப்பது ஒவ்வொரு புதிய ஆய்வின் பொறுப்பாகவும் நிற்கிறது. சுருளைச் சாய்த்துப் பிடிப்பது போதுமான போலித் தூண்டல் அல்ல. ஒலி அதேதான், தட்டும் உணர்வு வேறு. அதே வலிமையில் தொடர்பற்ற வேறொரு மூளைப்பகுதியைத் தூண்டுவதே நடைமுறையில் நம்பத்தக்க கட்டுப்பாடு. காதடைப்பான் பாதுகாப்புக்குக் கட்டாயம். ஆனால் அது எலும்பு வழியே கடத்தப்படும் ஒலியை மறைப்பதில்லை.

கைப்பகுதிக்கு இரண்டு, மூன்று செண்டிமீட்டர் முன்னாலுள்ள முன்இயக்கப் புறணியைத் தூண்டும்போது மின்னோட்டம் கைப்பகுதிக்கும் பரவலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தசையில் எழுச்சி வந்துவிட்டால், தாமதத்துக்குக் காரணம் எந்தப் பகுதி என்று சொல்ல முடியாது.

## இரட்டைத் துடிப்பு

1993-இல் குஜிராயும் உடனிருந்தோரும் வகுத்த முறையில், வாயிலுக்குக் கீழான ஒரு துடிப்பும் அதற்கு 1 முதல் 5 மில்லிவினாடிக்குப் பிறகு வலுவான துடிப்பும் ஒரே சுருளால் தரப்படுகின்றன. இரண்டாவதன் எழுச்சி சுருங்குவது, புறணிக்குள்ளேயே இருக்கும் தடுப்புச் சுற்றின் அளவு. அசைவு தொடங்குமுன் இந்தத் தடுப்பு தளர்வதும், அது அசையப்போகும் தசைக்கே உரியதாக இருப்பதும் தெரிந்தவை. அளவிமுறையில் நாம் கண்ட தண்டுவடக் குழப்பத்தை இந்த முறை பெருமளவு தீர்க்கிறது. முதல் துடிப்பு தண்டுவடத்தை எட்டாத அளவுக்கு வலுக்குறைந்தது என்பதே காரணம். இரண்டு சுருள்களைக் கொண்டால், முன்இயக்கப் புறணியிலிருந்தோ எதிர் அரைக்கோளத்திலிருந்தோ வரும் தாக்கத்தையும் அளக்கலாம்.

விலை இரண்டு வகையில் வருகிறது. ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் ஒற்றைத் துடிப்பும் இரட்டைத் துடிப்பும் தேவை என்பதால் முயற்சிகள் இரட்டிக்கும். மேலும், முடிவு ஒரு விகிதம்: இரட்டைத் துடிப்பின் எழுச்சியை ஒற்றைத் துடிப்பின் எழுச்சியால் வகுத்தது. ஒற்றைத் துடிப்பின் எழுச்சியே பணியின் கட்டத்துக்கேற்பப் பெருகியும் சுருங்கியும் மாறும்போது, விகிதம் மாறியதற்குத் தடுப்புச் சுற்று காரணமா, வகுக்கும் எண் காரணமா என்பது தெளிவாகாது. துடிப்பின் வலிமையைக் கட்டத்துக்குக் கட்டம் சரிசெய்து எழுச்சியைச் சமமாக்கும் வழி உண்டு. அது இன்னும் அதிக நேரம் கேட்கும். குறிப்பிட்ட சுற்று பற்றிய கருதுகோள் கையில் இல்லாதவர் இந்த முறைக்குள் இறங்காமலிருப்பது நல்லது.

## தொடர் துடிப்பும் நேர்மின்னோட்டமும்

இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். இரண்டும் முன்கூட்டியே மூளையின் ஒரு பகுதியை மாற்றிவைத்துவிட்டு, பிறகு பணியைச் செய்யச் சொல்பவை. ஹுவாங்கும் ராத்வெல்லும் உள்ளிட்டோர் 2005-இல் அறிமுகப்படுத்திய தீட்டா வெடிப்பு முறையில் 600 துடிப்புகள் 40 வினாடிகளில் தரப்படுகின்றன. நேர்மின்னோட்ட முறை 2000-இல் நிட்ஷே, பௌலஸ் ஆகியோரின் ஆய்வால் பரவலானது; 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்னோட்டம் ஈரப் பஞ்சு மின்முனைகள் வழியே சில நிமிடங்கள் செலுத்தப்படுகிறது. பணி நடக்கும்போது சுருளின் ஒலி இல்லை என்பது இரண்டின் பெரிய நன்மை. நேர்மின்னோட்டக் கருவி மலிவானது; தொடக்கத்தில் சில வினாடிகள் மட்டும் மின்னோட்டம் தந்து நிறுத்தினால் அரிப்பு உணர்வு ஒன்றாகவே இருக்கும் என்பதால் போலித் தூண்டலும் எளிது.

இவற்றை ஆயத்த ஆய்வுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. 2013-இல் ஹமாதாவும் உடனிருந்தோரும் 50-க்கும் மேற்பட்டவர்களிடம் தீட்டா வெடிப்பைச் சோதித்தபோது குழு அளவில் எதிர்பார்த்த விளைவு தெரியவில்லை. ஆளுக்கு ஆள் பலன் வெவ்வேறு திசையில் போயிற்று. நேர்மின்னோட்டத்திலும் இத்தகைய வேறுபாடு பலமுறை பதிவாகியுள்ளது. எதிர்வினை நேரத்தில் பத்து மில்லிவினாடி மாற்றத்தைத் தேடும் ஆய்வு, திசையே உறுதியில்லாத கருவியை நம்பித் தொடங்குவது ஆபத்து. ஆயினும் ஒரு சூழலில் தொடர் துடிப்பே சிறந்தது: முன்இயக்கப் புறணியை முதலில் மட்டுப்படுத்திவிட்டு, பிறகு காத்திருப்புக் காலத்தின் எழுச்சிச் சுருக்கத்தை ஒற்றைத் துடிப்பால் அளந்தால், சுருக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். அங்கே அது முதன்மை முறையன்று, ஒற்றைத் துடிப்புக்குத் துணை.

## திடுக்கிடச் செய்யும் ஒலி

இது மூளைத் தூண்டல் கருவி அல்ல. எனினும் பட்டியலில் இருக்க வேண்டியது. எளிய எதிர்வினைப் பணியில் தொடக்கக் குறியோடு ஏறத்தாழ 120 டெசிபெல் ஒலியைத் திடீரென எழுப்பினால், ஆயத்தமாகியிருந்த அசைவு முழு வடிவத்தோடு 80 மில்லிவினாடிக்குள்ளேயே வெளிவந்துவிடுவதை ஹோசெப் வால்ஸ்-சோலேயும் பிறரும் 1990-களில் காட்டினர். எந்த அசைவு என்று முன்கூட்டித் தெரியாத தேர்வுப் பணியில் இவ்வளவு விரைவு கிடைப்பதில்லை. ஆகவே, "இந்தக் கணத்தில் அசைவு ஆயத்தமாகிவிட்டதா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு இது நேரடியான, மலிவான விடை தருகிறது. கழுத்துத்தசையின் பதிவைச் சேர்த்து எடுத்தால், உண்மையில் திடுக்கிட்டாரா என்பதும் தெரியும்.

பத்து முயற்சிகளில் ஒன்றிரண்டுக்கு மேல் இந்த ஒலியைத் தரக் கூடாது, தந்தால் பழகிப்போகும். செவித்திறன் குறைபாடோ காதிரைச்சலோ உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது. ஒலிபெருக்கியின் அளவை மானியால் சரிபார்க்காமல் தொடங்கவே கூடாது. விரைவான அசைவு புறணியைத் தவிர்த்து மூளைத்தண்டு வழியே வருகிறதா என்பதும் முடிந்த விவாதம் அன்று: 2012-இல் அலிபிக்லூவும் மக்கின்னனும் திடுக்கிடலால் எழும் அசைவைக்கூட இயக்கப் புறணிக்குத் தரும் காந்தத் துடிப்பால் தாமதப்படுத்த முடியும் என்று காட்டினர்.

## எந்தச் சூழலில் எது

முதல் ஆய்வைத் தொடங்குபவர், முன்னறிவிப்பும் காத்திருப்பும் உள்ள பணியை எடுத்து, ஒற்றைத் துடிப்பை மூன்று புள்ளிகளில் மட்டும் தந்து பார்ப்பது நல்லது: முயற்சிகளுக்கு இடைப்பட்ட ஓய்வில் ஒன்று, காத்திருப்பின் முடிவில் ஒன்று, தொடக்கக் குறிக்குச் சற்றுப் பின் ஒன்று. காத்திருப்பின் முடிவில் சுருக்கம் கிடைக்கவில்லையென்றால், புதிய கேள்வியை அதன்மேல் கட்டுவதற்கு முன் சுருளின் இடத்தையும் தசையின் ஓய்வையும் சரிபார்க்க வேண்டும்.

"இந்தப் பகுதி இல்லாமல் இந்தக் கட்டம் நடக்குமா?" என்று கேட்பவருக்குக் குறுக்கீட்டு முறையே உரியது, அவர் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு முதன்மைப் பகுதிக்கு இணையான நேரத்தை ஒதுக்கத் தயாராக இருக்க வேண்டும். காலசைவை ஆராய்பவருக்கு அளவிமுறை கடினம். கால்பகுதி இரு அரைக்கோளங்களுக்கும் நடுவே ஆழத்தில் இருப்பதால் தனிச் சுருளும் கூடுதல் வலிமையும் தேவைப்படும், பங்கேற்பாளருக்கு அசௌகரியமும் கூடும். அவர் திடுக்கிடும் ஒலியை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

மண்டைக்குள் உலோகம், செவிக்குள் பொருத்திய கருவி, இதய முடுக்கி, வலிப்பு வரலாறு ஆகியவை உள்ளவர்களைக் காந்தத் துடிப்பிலிருந்து பொதுவாக விலக்குவதால், நோயாளிக் குழுக்களை ஆராய்பவர் முறையைத் தேர்வதற்கு முன் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணிவிட வேண்டும். பக்கவாதம் கண்டவர்களில் பாதிக்கப்பட்ட பக்கத்தில் சிலருக்கு முழு வலிமையிலும் எழுச்சியே வராது. அவர்களிடம் எழுச்சியின் உயரத்தை அடிப்படையாக வைத்த எந்த வடிவமைப்பும் முதல் நாளே நின்றுவிடும். அங்கே மிஞ்சுவது பாதிக்கப்படாத பக்கத்தை அளப்பதோ, திடுக்கிடும் ஒலியால் ஆயத்தத்தைச் சோதிப்பதோதான்.